எஃகுக் கட்டைகளை ஒட்டவைத்தது எது? ஒரு சனிக்கிழமை வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் பட்டணத்தில் கோவில் மண்டபம் ஒன்றின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் ஓர் அறிவியல் வகுப்பு நடக்கிறது. சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கானது. நடத்துபவர்கள் நாங்கள் நாலைந்து பேர், எல்லாரும் தொண்டூழியர்கள். பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ இயற்பியல் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே தமிழில் சண்டை போட்டுக் கேள்வி கேட்பார்கள். அதற்காகவே வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மாவட்ட அறிவியல் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான்காம் படிவ மாணவனும் மாணவியும் ஒரு காட்சிப் பலகையோடு வந்தார்கள். தலைப்பு, 'வெற்றிடத்தின் விசை'. காசிமிர் விசையை இரண்டு எளிய சோதனைகளில் கண்ணால் காட்டப்போவதாகப் பலகை சொன்னது. பள்ளி ஆசிரியர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். பலகைக்கும் அச்சுக்கும் பணம் செலவாகியிருந்தது. யூடியூபில் பார்த்த ஒரு காணொளிதான் மூலம்.

விசை என்னவோ உண்மையானதுதான். 1948-இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஹெண்ட்ரிக் காசிமிர் அதைக் கணித்தார். காற்றையும் ஒளியையும் முழுக்க எடுத்துவிட்டாலும் மின்காந்தப் புலம் அடங்கிவிடுவதில்லை. குவாண்டம் விதிப்படி அதில் சிறு அலைவு எப்போதும் மிச்சமிருக்கும். இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் நடுவே எல்லா அலைவுகளும் இருக்க முடியாது, இடைவெளிக்குப் பொருந்துபவை மட்டுமே இருக்கலாம். வெளியே அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்த வேறுபாட்டால் தகடுகள் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்படுகின்றன. முழுமையான உலோகம் என்று வைத்துக்கொண்டால், 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் அழுத்தம் சுமார் 0.0013 பாஸ்கல். இடைவெளி பாதியானால் விசை 16 மடங்காகும். 100 நானோமீட்டரில், அதாவது மைக்ரானில் பத்தில் ஒரு பங்கில், 13 பாஸ்கல். 10 நானோமீட்டரில் சுமார் 1,30,000 பாஸ்கல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதல்.

மாணவர்களைப் பிடித்திழுத்தது அந்தக் கடைசி எண். வெற்றிடம் காற்றளவுக்கு அழுத்துகிறது என்று படித்தால் பதினாறு வயதில் யாருக்குத்தான் தூக்கம் வரும்.

கவனித்தது

முதல் சோதனை, இரண்டு கேஜ் பிளாக்குகள். பட்டறைகளில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்க வைத்திருக்கும், கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகுக் கட்டைகள் இவை. சுவீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1896-இல் உருவாக்கியது. இரண்டின் முகங்களையும் சேர்த்து லேசாக அழுத்தித் திருகினால் ஒட்டிக்கொள்ளும், நேராக இழுத்தால் வராது. மாணவனின் தாய்மாமா ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் லேத் பட்டறை வைத்திருப்பவர். அளவுச் சான்றிதழ் காலாவதியாகி ஒதுக்கிவைத்த பழைய செட் ஒன்றை அவர் கொடுத்திருந்தார். மண்டபத்தில் ஒட்டிக் காட்டினார்கள், நன்றாகவே ஒட்டியது.

இரண்டாவது, அக்ரிலிக் சட்டத்திலிருந்து நூலில் தொங்கும் இரண்டு அலுமினியத் தாள்கள், சமையலறையில் பயன்படுத்துகிற அதே தாள். நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் எடுத்த காணொளியில் தாள்கள் மெல்ல நெருங்கி ஒட்டிக்கொண்டன. மண்டபத்தில் அதே சட்டத்தைத் தொங்கவிட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. "இங்க காத்து அடிக்குது சார்" என்றாள் மாணவி. மின்விசிறியை நிறுத்தினோம். அப்போதும் தாள்கள் அசையவில்லை.

முதல் முடிவு: இடைவெளியைக் கேட்பது

வகுப்பு நடத்துபவர்களில் ஒருவர் கூலிம்மில் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில் பொறியாளர், வார இறுதியில் ஊர் திரும்புபவர். 'இது காசிமிர் விசை இல்லை' என்று உடனே சொல்லிவிடலாம் என்பது எங்களில் ஒருவரின் கருத்து. பொறியாளர் ஒப்பவில்லை. சொன்னால் நம்பிவிடுவார்கள், யூடியூபை நம்பியதும் அப்படித்தானே என்றார். சரி, அவர்களையே கணக்குப் போடச் சொல்வோம் என்று முடிவானது. கேட்ட கேள்வி ஒன்றுதான்: இடைவெளி எவ்வளவு, அந்த இடைவெளியில் விசை எவ்வளவு வர வேண்டும்?

அலுமினியத் தாள் கணக்கு சீக்கிரம் முடிந்தது. ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் இந்த விசை ஒரு பாஸ்கலில் லட்சம் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. தாளை அசைக்க அது போதவே போதாது. அப்படியானால் ஆய்வுக்கூடத்தில் தாளை இழுத்தது எது? அங்கே ஏர்கோன் உண்டு, காற்று உலர்ந்திருக்கும். தூசு போக அக்ரிலிக் சட்டத்தைத் துணியால் துடைத்திருந்தார்கள். தேய்த்ததில் ஏறிய மின்னூட்டம் உலர்ந்த அறையில் தங்கியது, மண்டபத்தின் ஈரக் காற்றில் வடிந்துவிட்டது. அடுத்த வாரம் பள்ளியில் இரு தாள்களையும் மெல்லிய செம்புக் கம்பியால் இணைத்து மேசையின் இரும்புக் காலோடு சேர்த்தார்கள். தாள்கள் அசையாமல் தொங்கின.

பொறியாளர் இதைத் தன் தொழிலோடு சேர்த்து விளக்கினார். சில்லுகளில் வரும் நுண்ணிய அசையும் பாகங்களுக்கு நடுவே இடைவெளி பெரும்பாலும் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். 1 மைக்ரானில் காசிமிர் விசைக்கு ஈடான இழுப்பைக் கொடுக்க 17 மில்லிவோல்ட் போதும். வேறுவேறு உலோகங்களைத் தொடவைத்தாலே அதைவிடக் கூடுதல் மின்னழுத்த வேறுபாடு தானாக வரும். ஒரே உலோகத்தில்கூட இடத்துக்கு இடம் சற்று மாறும். மின்னூட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் இந்த விசையைப் பற்றிப் பேசவே முடியாது என்பது இங்கே தெளிவாகிவிட்டது. தாள் சோதனையைக் கைவிட மாணவர்களே முடிவெடுத்தார்கள்.

இரண்டாவது முடிவு: பட்டறையில் சோதிப்பது

எஃகுக் கட்டை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே இடைவெளி உண்மையிலேயே நானோமீட்டர் கணக்கில் இருக்கிறது. அதனால் பட்டறைக்குப் போனோம்.

ஒட்டிய முகத்தின் அளவு 9 மில்லிமீட்டருக்கு 35 மில்லிமீட்டர். சிலர் சொல்வதுபோல் வெளிக்காற்று அழுத்துவதால்தான் ஒட்டுகிறது என்றால், இந்தப் பரப்புக்குக் காற்று தரக்கூடிய உச்ச விசை சுமார் 32 நியூட்டன், ஏறக்குறைய மூன்றேகால் கிலோ. நீளமான இரண்டு கட்டைகளை முனையோடு முனை ஒட்டி, மேல் கட்டையை வைஸில் இறுக்கி, கீழ்க் கட்டையில் கிளாம்ப் மாட்டி, 5 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டார்கள். கீழே பழைய மெத்தை. மூட்டை சற்று ஆடிவிட்டு அப்படியே நின்றது. காற்றழுத்தம் மட்டும் காரணமில்லை என்று தெரிந்தது. மாணவன் முகத்தில் வெற்றிக்களை.

பட்டறைக்கார மாமா அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அதை நல்லாக் கழுவிட்டு ஒட்டிப் பாரு. ஒட்டாது" என்றார். அசிட்டோனால் கழுவி, பஞ்சு நார் இல்லாத துணியால் துடைத்து, விசிறிக்கு முன்னால் காயவைத்தார்கள். அழுத்தித் திருகினால் கட்டைகள் கரகரவென்று உராய்ந்தன. ஒட்டியதுபோல் இருந்து, தூக்கும்போதே கீழ்க் கட்டை மெத்தையில் விழுந்தது. மாமா ஒரு கட்டையின் முகத்தை உள்ளங்கையில் ஒருமுறை இழுத்து, துணியால் பெயருக்குத் துடைத்து, மறுபடி திருகினார். பிடித்துக்கொண்டது. முப்பது வருடமாக அவர் செய்வது அதுதான். கையின் எண்ணெய்ப் பசை இல்லாமல் கட்டை ஒட்டாது என்பது அவருக்குத் தெரியும், அதற்கு அவர் காரணம் தேடியதில்லை. இதையே சோதித்து, தட்டையான பரப்புகள் ஒட்ட நடுவே ஒரு திரவப் படலம் தேவை என்று 1912-இலேயே இங்கிலாந்தில் பட்ஜெட் என்பவர் எழுதியிருக்கிறார்.

காசிமிர் விசைக்கு எண்ணெய் வேண்டாம். நடுவே திரவம் இருந்தால் அது குறையத்தான் செய்யும். அதனால் மாணவி உடனே முடிவுக்கு வந்துவிட்டாள், காரணம் எண்ணெய்தான் என்று. பொறியாளர் அவளையும் நிறுத்தினார். எண்ணெய் இல்லாதபோது கட்டைகள் நழுவிப் பொருந்தாமல் இடைவெளியே கூடியிருக்கலாம், அதனாலும் விசை செத்திருக்கும். கழுவிய சோதனை மட்டும் தீர்ப்பாகாது என்றார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தன் பக்கத்துக்குச் சாதகமான சான்றையே ஒருவர் தட்டிப் பார்க்கிறார், பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள்.

இடைவெளியைப் பார்க்க ஒரு வழி இருந்தது. மைக்ரோமீட்டர் முகங்களைச் சரிபார்க்கும் தட்டைக் கண்ணாடி வட்டு ஒன்று பட்டறை அலமாரியில் இருந்தது. கட்டையை அதில் வைத்தவுடன் கண்ணாடி வழியே சிவப்பும் பச்சையுமாக வரிகள் தெரிந்தன. அழுத்தித் திருகத் திருக வரிகள் அகன்று, ஓரத்துக்கு ஓடி, கடைசியில் முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமானது. ஒரு மூலையில் மட்டும் அரிசிமணி அளவு வெளிறிய திட்டு, அங்கே ஏதோ தூசு. நிறம் மறைந்தது என்றால் இடைவெளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாகிவிட்டது என்று பொருள். இன்னொன்றும் தெரிந்தது: எஃகு கண்ணாடியோடும் நன்றாக ஒட்டுகிறது, இரண்டும் உலோகமாக இருக்கத் தேவையில்லை.

கணக்கில் வந்த தகராறு

இப்படி ஒட்டும் படலம் சுமார் 25 நானோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். முழு முகத்துக்கும் காசிமிர் விசை 1 நியூட்டன் வந்தது. தொங்கிய மூட்டையோ 49 நியூட்டன். விஷயம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தபோது மாணவன் கணக்கைத் திருப்பிப் போட்டான். 49 நியூட்டன் வேண்டுமென்றால் இடைவெளி என்னவாக இருக்க வேண்டும்? விடை, 9.6 நானோமீட்டர். "25-ன்னு யார் அளந்தா சார்? 9.6-ஆ இருக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. நான்காவது அடுக்கில் ஏறும் சூத்திரத்தில் இடைவெளியைக் கொஞ்சம் நகர்த்தினால் எந்த விடையையும் வரவழைக்கலாம். பதில் சொல்ல அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது.

முதலாவது, காசிமிரின் சூத்திரம் எந்த அலைநீளத்தையும் தப்பவிடாமல் திருப்பி அனுப்பும் கற்பனை உலோகத்துக்கானது. உண்மையான உலோகத்தில் எலெக்ட்ரான்கள் மிக வேகமான அலைவுகளுக்கு ஈடுகொடுப்பதில்லை, மிகக் குறுகிய அலைநீளங்கள் ஊடுருவிப் போய்விடும். 10 நானோமீட்டர் இடைவெளியில் கணக்கில் வருபவை பெரும்பாலும் அவையே. 1956-இல் சோவியத் இயற்பியலாளர் லிஃப்ஷிட்ஸ் உண்மைப் பொருள்களுக்கான கோட்பாட்டைக் கொடுத்தார். அந்தக் கணக்குப்படி 10 நானோமீட்டரில் உலோகங்களுக்கு நடுவே கிடைப்பது காசிமிர் சூத்திரம் சொல்வதில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். நடுவே எண்ணெய் இருந்தால் இன்னும் குறையும்.

இரண்டாவது, எண்ணெய்ப் படலத்தின் கணக்கு. 25 நானோமீட்டர் தடிமனுள்ள படலம் முகம் முழுக்கப் பரவியிருந்தால், பரப்பு இழுவிசை மட்டுமே 700 நியூட்டனுக்கு மேல் தாங்கும். முகத்தில் பத்தில் ஒரு பங்கில் மட்டும் படலம் இருந்தாலே அரிசி மூட்டைக்குப் போதும். எண்ணெயே இல்லாவிட்டாலும் நம் ஊர்க் காற்று சும்மா விடாது: ஈரப்பதம் 90 விழுக்காடு இருக்கும் காலை நேரத்தில், சுமார் 10 நானோமீட்டரைவிடக் குறுகிய பிளவுகளில் காற்றிலுள்ள நீராவி தானாகவே நீராகிவிடும். காசிமிர் விசை பெரிதாகத் தெரிய வேண்டிய அதே இடைவெளியில் தண்ணீர் முந்திக்கொள்கிறது.

மூன்றாவதை மாணவிதான் எழுப்பினாள். பரப்பிலுள்ள அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும் வான் டெர் வால்ஸ் விசையும் ஒட்டுவதில் பங்கெடுக்கிறது என்று படித்திருந்தாள். அதுவும் காசிமிர் விசையும் உறவா? உறவுதான், ஒரே குடும்பம். லிஃப்ஷிட்ஸ் காட்டியதே அதைத்தான்: மிக நெருக்கத்தில் வான் டெர் வால்ஸ், சற்று விலகினால் காசிமிர். காசிமிரும் கூழ்மங்களில், அதாவது திரவத்தில் நுண்துகள்கள் மிதக்கும் கலவைகளில், துகள்கள் ஒட்டுவதைப் பற்றிய கேள்வியிலிருந்துதான் இதற்குள் வந்தார். ஆகவே 'கட்டைகளுக்கு நடுவே காசிமிர் விசை அறவே இல்லை' என்று எழுதினாலும் தவறாகிவிடும். அந்தக் குடும்பத்தின் பங்கு அங்கே இருக்கிறது. ஆனால் மூட்டையைத் தாங்கிய விசையில் அது எவ்வளவு என்று இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல வழியில்லை.

மூன்றாவது முடிவு: விலகாமல், உரிமைகோரலை மாற்றுவது

போட்டிக்கு ஒரு வாரம். விலகிவிடலாம் என்றார் பள்ளி ஆசிரியர். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை, கையில் இப்போதுதான் உருப்படியான வேலை இருந்தது. பலகையை மாற்றினார்கள். தலைப்பு 'வெற்றிடத்தின் விசையா, எண்ணெய்ப் படலமா?' என்றானது. 'ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல்' என்று ஓரத்தில் இருந்த வரியை எடுத்துவிட்டார்கள். தகடுகள் நெருங்கும்போது கிடைக்கும் ஆற்றலைப் பிரிக்கும்போது திருப்பிக் கொடுத்தாக வேண்டும், மிச்சம் எதுவும் கிடையாது.

உண்மையில் அளந்தவர்களின் கதைக்குப் பாதிப் பலகை போனது. 1958-இல் ஸ்பார்னாய் இணைத் தகடுகளை வைத்து முயன்றார். பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும், தூரம் துல்லியமாகத் தெரிய வேண்டும், மின்னூட்டம் இருக்கக் கூடாது என்பது அவர் அடையாளம் கண்ட மூன்று தேவைகள். முடிவு கோட்பாட்டுக்கு முரணாக இல்லை என்ற அளவோடு நின்றது. 1997-இல் சியாட்டிலில் லமோரோ, தகட்டுக்கு எதிரே வளைந்த பரப்பை வைத்து, முறுக்கு ஊசல்கொண்டு 0.6 முதல் 6 மைக்ரான் வரை அளந்தார். தகடும் தகடுமாக இணையாக நிறுத்தும் தொல்லை அதில் இல்லை. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் மோகிதீனும் ராயும் உலோகம் பூசிய நுண்ணிய கோளத்தை அணுவிசை நுண்ணோக்கியில் மாட்டி இன்னும் துல்லியமாக அளந்தார்கள். இரண்டு இணைத் தகடுகளுக்கு நடுவே நம்பத்தகுந்த அளவீடு 2002-இல்தான் இத்தாலியில் வந்தது, அதுவும் சுமார் 15 விழுக்காடு துல்லியத்தில். ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டில், 1 மைக்ரான் தூரத்தில், அவர்கள் தேடிய விசை ஒரு கொசுவின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று மாணவி பலகையில் எழுதினாள்.

நடந்தது

போட்டியில் நடுவர் ஒருவர் நேராகக் கேட்டார், அப்படியென்றால் காசிமிர் விசையைக் காட்டினீர்களா? "இல்லை, இந்தக் கருவியில் காட்ட முடியாது" என்று சொல்லி, ஏன் என்பதற்குக் கணக்கைக் காட்டினான் மாணவன். இன்னொரு நடுவர் கழுவிய கட்டையை எடுத்துத் தானே ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு எதுவும் வரவில்லை. மதிப்பெண் தாளில் 'செய்விளக்கம்' பகுதியில் பாதிக்கும் கீழே. தலைப்பில் சொன்ன விசையைக் காட்டவில்லை என்பது காரணம். பழைய பலகையோடு போயிருந்தால் அந்தப் பகுதியில் முழு மதிப்பெண் வந்திருக்கும் என்பதே என் கணிப்பு; அதற்காக அந்தப் பலகையோடு அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

மாணவனுக்கு இரண்டு நாள் கோபம். அப்புறம் சோதனையைத் தொடர ஆரம்பித்தான், கைப்பசைக்குப் பதிலாக அளந்து இட்ட மெல்லிய எண்ணெயை வைத்து. இதற்கிடையில் போட்டி முடிந்த அசதியில் கட்டைகளை ஒட்டிய நிலையிலேயே பெட்டியில் வைத்து மூடிவிட்டிருந்தார்கள். திறந்தபோது விளிம்பில் துரு. பிரிக்க மாமா வரவேண்டியதாயிற்று, இரண்டு கட்டைகளின் முகம் பாழ்.

அடுத்த முறைக்கு மாற்றியவை

விசை பற்றிய எந்தத் திட்டமும் பலகைக்குப் போகும் முன் கணக்குக்குப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். எந்தத் தூரத்தில், எவ்வளவு, அதே தூரத்தில் போட்டியாக வேறு என்னென்ன விசைகள் என்று ஒரு தாளில் எழுதிய பிறகே அச்சுச் செலவு. பள்ளி ஆசிரியரையும் அந்த வேளையில் அழைத்துவிடுகிறோம், ஒப்புதல் கொடுத்தபின் திரும்பச் சொல்வது அவருக்கும் சங்கடம்.

அறையின் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் குறிக்க ஒரு சின்ன மானி வாங்கி மண்டபச் சுவரில் மாட்டியிருக்கிறோம். தாள் சோதனை பள்ளியில் நடந்து மண்டபத்தில் நடக்காமல் போனதை முதல் நாளே கவனித்தோம், ஆனால் காரணத்தைத் தேட எண்கள் இல்லை. கண்ணாடி வட்டுச் சோதனையை எடை தொங்கவிடுவதற்கு முன்பே செய்வது நல்லது. இடைவெளி பற்றிய வாக்குவாதத்தில் பாதி அதிலேயே அடங்கியிருக்கும்.

பட்டறைக்கார மாமா மீதிக் கட்டைகளைத் தர இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறார். சோதனை முடிந்த அன்றே பிரித்துத் துடைத்து வாசலின் பூசிப் பெட்டியில் வைக்க வேண்டும். 5 கிலோவுக்கு மேல் தொங்கவிடுவதாக இருந்தால் அவரும் பக்கத்தில் இருப்பார்.